தகட்டில் சந்தனம்

மலையுச்சி ஊரில் காற்றாலை சுற்றியது, வெயில் கொளுத்தியது, ஒரு வீட்டிலும் பல்பு எரியவில்லை. கரண்ட் நின்று ஒரு வருடம் கழித்துப் பழுது பார்க்க வந்த பொறியாளர், சோலார் தகடு முழுக்கச் சந்தனப் பொட்டுகளைக் கண்டதும் கத்தினார்.

"இப்படி அப்பி வெச்சா கரண்ட் எப்படிம்மா வரும்? கெடுத்ததே நீங்கதான்."

"பல்பு எரிஞ்சப்ப நாங்க தகட்டைத் தொட்டுக்கூடப் பாக்கல," என்றாள் ஊர்க்காரி நஞ்சி. "நின்னுபோச்சுன்னு எத்தனை தடவ சொல்லி அனுப்பினோம்! ஒருத்தரும் வரல. அப்புறந்தான் சாமின்னு பொட்டு வெச்சோம்."

மேலதிகாரிக்குக் காட்ட, அவர் பொட்டுகளை மட்டும் செல்போனில் படம் எடுத்தார். நஞ்சி தண்ணீர் ஊற்றித் தகட்டை முந்தானையால் தேய்த்தாள். கடைசிச் சந்தனத்தை விரலில் வழித்து, அவர் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

"இனிமே எங்க சாமி நீங்கதான். பல்பு எரியுற வரைக்கும் மலை எறங்கக் கூடாது."