மாடி வீட்டு ஆர்டர்

"கீழே ஹோட்டல், மேலே வீடு. நாலு படி இறங்க வலிக்குதாம் இந்த மனுஷனுக்கு! தினமும் டெலிவரி கேக்கிறார்!"

டீம் லீடர் கம்ப்யூட்டர் திரையைக் காட்டிச் சிரித்தார். உணவு டெலிவரி ஆப்பில் 'நேரில் வாங்கிக்கொள்கிறேன்' என்று ஒரு புதுப் பட்டன் வரப்போகிறது. அதை வடிவமைப்பவள் எதிரே உட்கார்ந்திருந்த டிசைனர் பெண். அந்தப் பட்டனுக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் அவளுக்கு எங்கே கிடைப்பார்?

"கடைக்குப் பக்கத்திலயே இருக்கிறவங்களுக்கு டெலிவரி பட்டனையே தூக்கிடலாம் சார். அப்பதான் உடம்பு வளையும்."

"எதுக்கும் ஒரு தடவை அவரைப் பாத்துப் பேசிட்டு வந்துடும்மா."

போனாள். கதவைத் திறந்தவர் கிண்ணென்று இருந்தார். முழங்கால் வலி, மூச்சிரைப்பு என்று ஒரு மண்ணும் இல்லை. சரியான சோம்பேறி என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முகம் சுண்டிப்போனது.

"டெலிவரியே கிடையாதா? ஐயையோ, அப்படிப் பண்ணிடாதீங்கம்மா!"

"இறங்கினா கடை. இதுல என்ன சார் கஷ்டம்?"

"சாப்பாடு கிடக்கட்டும்மா. அதைக் கொண்டு வர்றது என் மகன்."

"மகனா?"

"அவன் கல்யாண விஷயத்துல நான் கண்டபடி வாயை விட்டுட்டேன். வீட்டை விட்டுப் போனவன், போன் பண்ணினாலும் எடுக்கிறதில்ல. ஒரு நாள் சாப்பாடு சொல்லிட்டுக் கதவைத் திறக்கிறேன், இவன் நிக்கிறான்! கீழே கடை வாசல்லதான் வண்டியோட இருப்பானாம். பக்கத்துல இருக்கிறவனுக்குத்தானே ஆர்டர் போகும்? அன்னிலேருந்து ஒரு நாள் விடாம போடறேன்."

"உங்களோட பேசுவாரா?"

"'ஓடிபி சொல்லுங்க'ம்பான். நாலு நம்பரைச் சொல்லுவேன். அவ்வளவுதான் எங்க பேச்சு. அதுலயும் பாவம், வண்டிச் சத்தத்துல காது மந்தமாயிடுச்சு போல. ரெண்டு மூணு தடவை சொல்ல வேண்டியிருக்கு. டாக்டர்கிட்ட காட்டுடான்னு சொல்லணும். எந்த முகத்தோட சொல்றது?"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படி இறங்கும்போதே டீம் லீடரைக் கூப்பிட்டாள். "சார், டெலிவரி பட்டனை யாருக்கும் தூக்கக் கூடாது. புதுப் பட்டன் அது பாட்டுக்குப் பக்கத்துல இருந்துட்டுப் போகட்டும்."

கடை வாசலில் அதே மூக்கு, அதே நெற்றியோடு ஒருவன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். தெருவில் ஒரே ஹாரன் இரைச்சல்.

"உங்க காதுக்கு என்னவோன்னு மேல அப்பா கவலைப்படறாருங்க," என்றாள் தயங்கித் தயங்கி, மெல்லிய குரலில்.

அத்தனை இரைச்சலிலும் அவன் சட்டென்று நிமிர்ந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். முதல் தடவையே கேட்டுடுச்சுன்னு சொன்னா, உடனே கிளம்பிடணுமே!"