செவ்வரத்தை இலை

பொருளாதாரத் தடையால் குருநகரில் சவர்க்காரத்தைக் கண்ணால் கண்டு எத்தனையோ மாதம். கிணற்றடிச் செவ்வரத்தையில் காலை வெயிலுக்கு விரிந்த பூக்களை விலக்கி, தலையில் தேய்த்துக் கழுவ இலைகளை மட்டும் பறித்துச் சுளகில் போடுகிறாள் பக்கத்து வீட்டு மக்டலீன். தடி நட்டு, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி யூஜினி வளர்த்த மரம். ஓர் இலை பிடுங்கவும் அவள் எவரையும் விட்டதில்லை. விடியப்புறம் விழுந்த ஷெல்லில் செத்துப்போய், கூந்தல் நிறையச் சுண்ணாம்புத் தூளோடு அவள் உள்ளே மர வாங்கில் கிடக்கிறாள். பெட்டியில் வைக்குமுன் அந்தத் தலையைக் கழுவ வேண்டும். “உது காணாதக்கா, பிள்ளைக்கு நீட்டுத் தலைமயிரெல்லே,” என்று மக்டலீன் மறுபடி கை நீட்டுகிறாள். கொப்பை வளைத்துப் பிடித்திருக்கும் யூஜினியின் தாய் லூர்த்தம்மா, வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறாள். “மெல்லப் பிடுங்கு பிள்ளை. கண்டாளெண்டால் பேசுவாள்.”