அணையாத பச்சை

இப்போதெல்லாம் எவரும் ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை. திரையைப் பார்த்தே பேசுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மருமகளும் அப்படித்தான். இருட்டறைத் திரையில் என் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் பச்சைப் பச்சையாக மின்னுகின்றன. "செல் ரெண்டாப் பிரியறப்ப, டி.என்.ஏ.ங்கிற மரபு இழை சுத்தியிருக்கிற புரதத்துல ஒரு நொதி அடையாளம் வைக்கும் மாமா. அந்த அடையாளம்தான் இங்க பச்சையாத் தெரியுது. டாக்டர் குடுத்த மாத்திரை நொதியை நிறுத்திடும், அப்புறம் செல் பிரியாது." மாத்திரை கலந்த செல்களின் படத்தைப் போடுகிறாள். எல்லாம் கறுப்பு, மூலையில் மட்டும் ஒரு பச்சை. தூசியென்று கட்டைவிரலால் துடைக்கிறேன். போகவில்லை. "இவன் யாரும்மா, உன் புருஷன் மாதிரி சொன்னா கேக்காதவன்?" அவள் சிரிக்கவில்லை. முதல்முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். "ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும் மாமா. நீங்க மாத்திரையைப் போடுங்க." டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நடக்கிறேன். போடுகிறேன், போடாமல் என்ன. ஆனால் கட்டி வளர அந்த ஒருவன் போதாதா?