சரளைப் பாதையில் நின்ற பீப்பாய்

சைக்கிளுக்கென்று விட்ட சரளைப் பாதையில் கார் புகுந்துவிட்டது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் அந்தப் பாதையை விட்டால் சைக்கிளுக்குப் போக்கிடம் கிடையாது. குறுக்கு வழி என்று கார் தினமும் சீறிக்கொண்டு வந்தது. சைக்கிள் தினமும் கொடிகளுக்குள் விழுந்தது.

ஒயின் நிற்காது என்று தூக்கிப் போட்ட ஓட்டைப் பீப்பாய் ஒன்று, மூடிகூட இல்லாமல் ஓரத்தில் நின்றது. அதற்குப் பொறுக்கவில்லை. ஆடி ஆடி நகர்ந்து பாதை நடுவே போய் நின்றது. இரண்டு பக்கமும் சைக்கிள் போகலாம், கார் போக முடியாது.

"ஏ காலிப் பீப்பா, வழிய விடு!"

"முடியாது. உன்னால ஆனதப் பாத்துக்க."

கார் ஒரே முட்டில் அதை ஓரம் தள்ளிவிட்டுப் பறந்தது. சக்கரம் வாரியடித்த சரளை பீப்பாய்க்குள் விழுந்தது. பீப்பாய் மறுபடி நடுவுக்கு வந்தது.

"உங்களுக்கு எதுக்கண்ணே வம்பு? நொறுங்கிப் போவீங்க" என்றது சைக்கிள்.

"நீ பேசாம உருளு."

தினமும் இதே கூத்து. தினமும் உள்ளே கல் ஏறியது. கடைசியில் ஒருநாள் கார் முட்டியபோது பீப்பாய் அசையவில்லை. காரின் மூஞ்சிதான் நசுங்கியது.

"எவன்டா உனக்குள்ள கல்லப் போட்டவன்?" என்று கத்தியது கார்.

"நீதான்டா" என்றது பீப்பாய்.