கருங்கடல் மேலே

போன் திரையில், வழி காட்டும் படத்தில், விமானம் விரல்நகம் அளவே இருந்தது. அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்கு ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். ஒன்பது மணி நேரப் பயணம். வேலூர் வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் இதை ஒப்பித்தாகிவிட்டது. பந்தல்காரர்கூடத் தப்பவில்லை.

வளையல் அடுக்கிக்கொண்டிருந்த தங்கை கேட்டாள்.

"பைரவி எங்கண்ணா வந்துட்டிருக்கா?"

"கருங்கடல் மேல."

அந்தக் கடலையே விலைக்கு வாங்கிப் போட்டவர்போல ஒரு பெருமை.

மகள் பைரவிக்கு நாளை மறுநாள் கல்யாணம்.

வாசல் பக்கம் வந்து படத்தை மூடினார். பழக்க தோஷம், விரல் மகளின் எண்ணைத் தொட்டுவிட்டது. வானத்தில் போன் ஏது என்று தன்னையே கடிந்துகொண்டு அணைக்கப் போனார்.

அங்கே மணி அடித்தது.

எடுத்துவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு நாய் குரைத்தது. யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்பா... என்னால ஏற முடியலப்பா."

அவர் துண்டித்தார்.

முதலில் வந்தது கோபம்தான். மண்டபம், பத்திரிகை, மாப்பிள்ளை வீடு, ஊர்ச் சிரிப்பு. கத்தி வீட்டையே கூட்டிவிட வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

கத்தினால் என்ன நடக்கும் என்று தெரியும். இரண்டு முறை நடந்திருக்கிறது. மகள் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்பாள். மனைவி புனிதவதி போனிலேயே அழுவாள். மச்சினன் தணிகாசலம் போனைப் பிடுங்கி, உன் அம்மா உயிரோடு இருக்கணுமா வேண்டாமா என்பான். மகள் சரி என்றுவிடுவாள். இரண்டு முறையும் அவர் பக்கத்தில்தான் நின்றார், வாயில் கொழுக்கட்டையோடு.

இன்னொரு முறை அம்மா அழுதால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள். பெற்றவருக்குத் தெரியாதா?

வானத்தில் இருப்பவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். விமானம் இறங்க இன்னும் ஆறு மணி நேரம்.

புனிதவதி மஞ்சள் அரைத்த கையோடு வந்து நின்றாள்.

"எங்க, காட்டுங்க."

படத்தைத் திறந்து நீட்டினார். விமானம் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் இரண்டு கையாலும் அந்த விமானத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் மடமடவென்று சொடுக்கின.

"எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாருங்க எம் பொண்ணு மேல."

இவளிடமாவது சொல்லிவிடலாமா?

சொல்லவில்லை.

கார் சாவியை எடுத்தார். துணைக்கு வருகிறேன் என்ற மச்சினனை வேண்டாம் என்றார். மச்சினனுக்கே ஆச்சரியம். அவர் இதுவரை அவனிடம் வேண்டாம் என்று சொன்னதில்லை.

தெருமுனையில் வண்டியை நிறுத்தி, மகளுக்கு எழுதி அனுப்பினார்.

"போனை அணைச்சு வைம்மா. இங்க நான் பாத்துக்கறேன்."

பிறகு, வராத மகளை அழைத்து வர, சென்னைச் சாலையில் வண்டியைத் திருப்பினார்.