நூறாவது பறவை

"அண்ணே, அதோ! நாணல் மேல! பார்த்தீங்களா?"

"இல்லையே டாக்டரம்மா. நான் பார்க்கலை" என்றார் டெய்லர்.

பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தடி தூரத்தில் நீலக்கழுத்துக் குருவி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கு அது தெரியவில்லையாம்!

ஏரிக்கரைப் பறவைச் சங்கத்தின் சட்டம் அப்படி. ஒரு பறவையை இரண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு. இல்லையென்றால் படம் வேண்டும். நூறு வகை பார்த்தவர் பெயர் பூங்கா வாசல் பலகையில் ஏறும்.

ஆறு வருஷமாக, வசந்தம் வந்தால் போதும், கிளினிக் திறப்பதற்கு முன் ஏரியைச் சுற்றுகிறாள். இப்போது தொண்ணூற்றொன்பது. டெய்லரும் அதே தொண்ணூற்றொன்பதுதான்.

"அலகைக் கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார் அவர்.

"கறுப்பு அலகு. எனக்கே பரீட்சை வைக்கிறீங்களா?"

"அப்ப சரிம்மா. நான் பார்க்கலை."

வயிற்றெரிச்சல், வேறென்ன? இருக்கட்டும். படம் எடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் கேமராவோடு போனால், அதே வளைவில் டெய்லர் முன்னாடியே நிற்கிறார். கேமராவும் கையுமாக வந்த இருவரிடம், "இங்க ஒண்ணுமில்ல சார். அக்கரைக்குப் போங்க" என்கிறார். வாய் கூசாமல்!

அவர்கள் போனதும் அவரை முறைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கினாள். குருவி வந்தது. நாணலுக்குள் இறங்கியது. போய், மறுபடி வந்தது. அலகில் ஒரு காய்ந்த புல்.

நேற்றும் அந்தப் புல் இருந்தது. கழுத்து நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் விட்டுவிட்டாள். நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்க்கிறவள், குருவி வாயைப் பார்க்கவில்லை.

"கூடு கட்டுதா அண்ணே?"

"ஆமாம்மா. பன்னிரண்டு நாளா பார்த்துட்டிருக்கேன். நம்ம பட்டியல்ல ஏறினா ஊரே கேமராவோட வந்து நிக்கும். அது பயந்து கூட்டை விட்டுட்டுப் போயிடும்."

"பன்னிரண்டு நாளாவா? நேத்து நீங்க தலையாட்டியிருந்தா நம்ம ரெண்டு பேருக்குமே நூறு ஆகியிருக்குமே! நாலு பேர் வந்து பார்த்தா போயிடுமா, என்ன?"

டெய்லர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"போன வருஷம் உங்க தொண்ணூற்றொன்பதாவது பறவை அப்படித்தான் கூட்டை விட்டுட்டுப் போச்சும்மா. நாலு முட்டை, அப்படியே கிடந்தது. நீங்க அன்னைக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. சொல்ல மனசு வரலை."

டாக்டர் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பின்னால் காலடிச் சத்தம்.

"மேடம், இங்க ஏதோ புதுக் குருவி வந்திருக்காமே?"

"இங்க ஒண்ணுமில்ல சார். அக்கரைக்குப் போங்க" என்றாள் டாக்டர், வாய் கூசாமல்.