அசையாத மார்பு
மதிய வெயில் விழும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, கணவரின் கையைப் பிடித்தபடி மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவர் மார்பு அசையவில்லை. ரத்தம் குழாய் வழியே, நுரையீரலின் வேலையைச் செய்யும் இயந்திரத்துக்குப் போய், அங்கே மூச்சு வாங்கித் திரும்புகிறது. மார்பில் ஒட்டிய பொத்தானளவு சென்சார், ஊசி குத்தாமலே, தோல் வழியாக ரத்தத்தில் தேங்கும் கரியமில வாயுவை அளக்கிறது. திரையில் அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது. அவர் முகம் தூங்குவதுபோல் அமைதியாக இருக்கிறது. நர்ஸ் விரைந்து வந்து, இயந்திரத்தின் பின்னால் மடங்கிக் கிடக்கும் காற்றுக்குழாயை நிமிர்த்துகிறாள். எண் மெல்ல இறங்குகிறது.

"என்னம்மா ஆச்சு?" என்று மனைவி கேட்கிறாள்.

"மெஷினுக்குக் காத்து போகாம நின்னுடுச்சும்மா. இப்போ சரியாயிடுச்சு."

"நான் பக்கத்துலயேதானே இருக்கேன். மூச்சு முட்டினா முகத்துல தெரியுமே?"

"மருந்து மயக்கம்மா. முகம் எதையும் காட்டாது."

மனைவி கையை விடவில்லை. ஆனால் அவர் முகத்தை விட்டுவிட்டு, அந்த எண்ணையே பார்க்கத் தொடங்குகிறாள்.